எருமைக் கொட்டிலும் நீல விளக்கும்

ழான் பாப்டிஸ்ட் டெனி ஓர் இருநூறு வருஷம் தள்ளிப் பிறந்து, கப்பலேறிச் சிங்கப்பூருக்கும் வந்திருந்தால், தேக்காவில்தான் டிஸ்பென்சரி போட்டிருப்பார். அவருக்கு வேண்டிய மூலப்பொருள் அங்கே தெருத்தெருவாகக் கட்டிக் கிடந்தது.

டெனி பாரிஸ்காரர். பதினான்காம் லூயிக்கு நாடி பிடித்தவர்களில் ஒருவர் என்று சரித்திரம் சொல்கிறது. 1667 ஜூனில் பதினைந்து வயதுப் பையன் ஒருவனுக்கு ஆட்டுக்குட்டியின் ரத்தத்தை ஏற்றினார். பையன் பிழைத்துக்கொண்டான். அதற்கு அவனுடைய ஆயுள் கெட்டி என்பதைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஆனால் டெனிக்குத் தலை கால் புரியவில்லை. அந்த டிசம்பரில் அந்துவான் மொருவா என்பவரைப் பிடித்து வந்தார். உடம்பில் துணியில்லாமல் பாரிஸ் வீதிகளில் ஓடுவதும், வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டியை அடிப்பதும் மொருவாவின் அன்றாட அலுவல். கன்றுக்குட்டி சாது, அதன் ரத்தத்தை ஏற்றினால் ஆளும் சாதுவாகிவிடுவான். இதுதான் டெனியின் மருத்துவக் கோட்பாடு.

முதல் தடவை ஒன்றும் ஆகவில்லை. இரண்டாம் தடவை ஏற்றியதும் கை எரிந்தது, இடுப்பு கடுத்தது, வியர்த்துக் கொட்டியது, சிறுநீர் கரி கரைத்த மாதிரி கறுப்பாய்ப் போனது. அந்நிய ரத்தத்தை உடம்பு அடித்து நொறுக்குகிறது என்பதற்கு இதைவிட நல்ல வர்ணனையை இன்றைய பாடப்புத்தகமும் தராது. டெனிக்கு அது புரியவில்லை; பைத்தியம் கறுப்பாகக் கரைந்து வெளியே போகிறது என்று சந்தோஷப்பட்டார். அடுத்த வருஷத் தொடக்கத்தில் மொருவா செத்துப்போனார். கேஸ் நடந்தது. கோர்ட்டு தோண்டித் துருவியதில், அவரைக் கொன்றது கன்றல்ல, மனைவி வைத்த ஆர்செனிக் என்று தெரிந்தது. டெனி விடுதலை. ரத்தம் ஏற்றும் வித்தைக்குத் தடை. அப்புறம் நூற்றைம்பது வருஷம் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கன்றுக்கே இந்தக் கதி. டெனி தேக்காவில் இருந்திருந்தால் எருமை ரத்தம் ஏற்றியிருப்பார். நோயாளிக்கு என்ன ஆகியிருந்தாலும் அவர் அலட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

தேக்கா பக்கம் எருமை வந்த கதை சின்னது. ரோச்சோர் ஆற்றுத் தண்ணீர், சதுப்பு, புல். மாட்டு வியாபாரிக்கு வேறென்ன வேண்டும்? பெலிலியோஸ் என்ற வியாபாரியின் பெயர் ஒரு தெருவுக்கு இருக்கிறது. எருமைகளுக்கே இரண்டு தெரு இருக்கிறது, பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. பால்காரத் தமிழர்கள் அங்கேயே மாடு கட்டி, பால் கறந்து, வீடு வீடாக ஊற்றினார்கள். அந்த வட்டாரத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த பெயர் கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைக் கொட்டில். 1924 அக்டோபர் 1-ஆம் தேதி அங்கே முப்பது படுக்கையோடு ஓர் இலவசப் பிரசவ மருத்துவமனை திறந்தபோது, அரசாங்கம் அதற்கும் அதே பெயரைச் சூட்டியது. பிள்ளை பெற வரும் இடத்துக்கு எருமைக் கொட்டில் என்று பெயர் வைக்க ஒரு தைரியம் வேண்டும். இன்றைக்கு கேகே என்று சுருக்கிக் கொஞ்சம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறோம்.

மானம் போனாலும் கூட்டம் வந்தது. 1966-ல் அங்கே பிறந்த குழந்தைகள் 39,835. சராசரியாகப் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒன்று. அந்த வருஷம் சிங்கப்பூரில் பிறந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வாசல் வழியாகத்தான் உலகத்துக்குள் நுழைந்தார்கள். ஒரே மருத்துவமனையில் ஒரே வருஷத்தில் அதிகப் பிரசவம் என்று கின்னஸ் புத்தகம் பத்து வருஷம் இந்தப் பெயரைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. இதில் வேடிக்கை, அதே 1966 ஜனவரியில்தான் அரசாங்கம் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியத்தையும் தொடங்கியது. வாரியம் போதும் போதும் என்று கத்திக்கொண்டிருந்தபோது கேகேயில் பதின்மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பதில் அழுகை கேட்டது. 1972-ல் இரண்டோடு நிறுத்து என்றார்கள். 1987-ல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெற்றுக்கொள் என்றார்கள். சனங்களுக்குக் கடைசியாகச் சொன்னது மட்டும் காதில் விழவேயில்லை. 1997-ல் மருத்துவமனை எதிர்ப்பக்கம் புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. ஹாம்ப்ஷியர் ரோட்டுப் பழைய கட்டடத்தில் இப்போது நிலப் போக்குவரத்து ஆணையம் உட்கார்ந்திருக்கிறது. பிள்ளையைப் போல கார் வாங்கவும் கட்டுப்பாடு வைக்கலாம் என்ற யோசனை அவர்களுக்கு அந்தச் சுவர்களில் இருந்து ஊறியிருக்கலாம்.

இந்தப் பெருங்கூட்டத்தில்தான் மஞ்சள் குழந்தைகள் வந்தார்கள்.

பச்சைக் குழந்தைக்கு இரண்டாம் மூன்றாம் நாள் கொஞ்சம் மஞ்சள் பூப்பது சகஜம். பழைய சிவப்பணுக்கள் உடைய, அதிலிருந்து பிலிரூபின் என்ற மஞ்சள் சரக்கு கிளம்ப, பிஞ்சு ஈரலால் அதைச் சமாளிக்க முடியாமல் தோலில் வழியும். அளவு மீறினால் விளையாட்டில்லை. பிலிரூபின் மூளைக்குள் போய்ப் படியும். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் சிங்கப்பூரில் இதனால் போன குழந்தைகள் ஏராளம். பிழைத்ததுகளில் பலவற்றுக்குக் காது கேட்காது, கைகால் முறுக்கிக்கொள்ளும்.

காரணம் என்ன? புத்தகத்தைப் புரட்டினார்கள். புத்தகம் லண்டனில் அச்சானது. தாய் ஆர்எச் நெகட்டிவ், பிள்ளை ஆர்எச் பாசிட்டிவ். தாயின் எதிர்ப்பொருள் பிள்ளையின் ரத்தத்தை உடைக்கிறது என்று அது சொன்னது. ஆர்எச் என்பது 1940-ல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னரும் அலெக்சாண்டர் வீனரும் குரங்கு ரத்தத்தை வைத்துக் கண்டுபிடித்த சமாசாரம். வெள்ளைக்காரர்களில் ஆறேழு பேருக்கு ஒருவர் நெகட்டிவ், ஆகவே அவர்களுக்கு இது சரி. சிங்கப்பூர்ச் சீனர்களிலும் மலாய்க்காரர்களிலும் நூறு பேரைச் சோதித்தால் ஒருவர் தேறுவதே பெரிய பாடு. நம்மவர்களில் வேண்டுமானால் நூற்றுக்கு ஐந்தாறு பேர் கிடைப்பார்கள். அப்படியிருக்க, சீனக் குழந்தைகளும் மலாய்க் குழந்தைகளும் வரிசையாக மஞ்சளாவது எப்படி?

பேராசிரியர் வோங் ஹோக் பூன் இந்த இடத்தில் துப்பறிய இறங்கினார். சிங்கப்பூர்க் குழந்தை மருத்துவத்தின் தந்தை என்று பின்னாளில் அழைக்கப்பட்டவர். அவர் பிடித்த குற்றவாளி ஜி6பிடி என்ற நொதி, அல்லது அது இல்லாமை. அந்த நொதி குறைந்தால் சில பொருள்கள் பட்டதும் சிவப்பணுக்கள் பொலபொலவென்று உடையும். எக்ஸ் குரோமோசோம் சங்கதி என்பதால் அடி வாங்குவது பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். உடந்தையாக இருந்தவர்கள் யார் யார் என்று பார்த்தால், எல்லாம் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள். முதலாவது அந்துருண்டை. மூத்த பிள்ளையின் சட்டையை அலமாரியில் அந்துருண்டை போட்டுப் பத்திரமாக வைத்திருந்து, தம்பி பிறந்ததும் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நாஃப்தலீன் வாசம் துணியோடு வந்து வேலையைக் காட்டும். இரண்டாவது, ஹுவாங் லியன் என்ற சீன மூலிகை. பிறந்த குழந்தையின் உடம்புச் சூட்டைத் தணிக்கப் பாட்டிமார் கொடுப்பது. அதிலுள்ள பெர்பெரின் காமாலையை ஏற்றுகிறது என்று சொல்லி 1978-ல் சிங்கப்பூர் அதைத் தடை செய்தது. 2010களில் ஆராய்ந்து பார்த்துத் தடையை விலக்கிக்கொண்டது. பாட்டிமார் இரண்டு முடிவையுமே சட்டை செய்திருக்க மாட்டார்கள்.

1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்து ஜி6பிடி இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்கள். உலகத்தில் இப்படி நாடு முழுக்கச் செய்த முன்னோடிகளில் சிங்கப்பூரும் ஒன்று. குறை இருந்தால் பிள்ளையை வீட்டுக்கு விடாமல் இரண்டு மூன்று வாரம் மருத்துவமனையிலேயே நிறுத்திவைத்தார்கள். தாய்க்குக் கட்டில் கிடைக்காத மருத்துவமனையில் பிள்ளைக்கு மூன்று வாரத் தொட்டில்! நோக்கம் மருத்துவம் என்று சொன்னாலும், உண்மையில் அது அந்துருண்டையிடமிருந்தும் பாட்டியிடமிருந்தும் பிள்ளையைப் பிரித்துவைக்கும் தடுப்புக் காவல்தான்.

அப்படியும் மஞ்சள் ஏறினால்? அப்போது கையில் இருந்த ஒரே ஆயுதம், பிள்ளையின் ரத்தத்தையே மாற்றுவது.

பாஸ்டனில் லூயிஸ் டயமண்ட் என்ற மருத்துவர் 1940களில் சீர்செய்த முறை இது. கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். மூன்று கிலோக் குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த ரத்தம் சுமார் 250 மில்லி. தொப்புள் சிரையில் ஒரு மெல்லிய குழாயை விட்டு, மும்முனைக் குமிழ் மாட்டி, ஊசிக்குழலால் பத்து மில்லி உறிஞ்சி எடுத்துக் கொட்டுவார்கள். அப்புறம் பத்து மில்லி புது ரத்தம் உள்ளே. மறுபடி எடு, மறுபடி கொடு. பக்கத்தில் ஒரு தாதி காகிதத்தில் உள்ளே, வெளியே என்று கோடு போட்டுக்கொண்டே வருவார். அவர் ஒரு கோடு தவறினால் கணக்கு மட்டுமல்ல, பிள்ளையும் போய்விடும். அரை லிட்டர் மாற்றி முடிக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். முடிவில் பிள்ளையின் உடம்பில் ஓடுவதில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய ரத்தம். இந்த யாரோ ஒருவருக்காகத்தான் 1946-லேயே சிங்கப்பூரில் ரத்த வங்கிச் சேவை தொடங்கியிருந்தது.

உயிர் காத்த முறைதான், சந்தேகமில்லை. ஆனால் புது ரத்தத்தோடு வேண்டாத விருந்தாளிகளும் வந்தார்கள். கிருமி வரலாம், கட்டி அடைக்கலாம், இதயம் திணறலாம். எல்லாவற்றையும்விடக் கெட்டது ஒன்று உண்டு. கொடையாளியின் ரத்தத்தில் அவருடைய வெள்ளணுக்களும் இருக்கும். சாதாரணமாக, வாங்கிக்கொள்பவரின் உடம்பு அவற்றை அந்நியம் என்று கண்டுகொண்டு தீர்த்துக்கட்டிவிடும். வாங்கிக்கொள்வது குறைமாதக் குழந்தையாகவோ, நோய் எதிர்ப்பு சக்தி தளர்ந்தவராகவோ இருந்தால் வெள்ளணுக்கள் பிழைத்து, பெருகி, வீட்டுக்காரரையே அந்நியர் என்று முடிவு கட்டித் தாக்கத் தொடங்கும். தோல் உரியும், வயிறு போகும், ஈரல் கெடும், எலும்பு மஜ்ஜை அழியும். வந்தால் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிழைப்பதில்லை.

இதில் நம் சமூகத்துக்கென்றே ஒரு விசேஷ நகைச்சுவை இருக்கிறது. ரத்தம் வேண்டுமென்றால் நாம் முதலில் தேடுவது யாரை? மாமன், மச்சான், சித்தப்பன் மகன். ஊராரின் ரத்தம் வேண்டாம், சொந்த ரத்தம்தான் வேண்டும் என்று அடம் பிடிக்கும் குடும்பங்களை எந்த வார்டிலும் பார்க்கலாம். இந்த நோயைப் பொறுத்தவரை சொந்தக்காரர் ரத்தம்தான் பேராபத்து. காரணம் எளிது: கொடுப்பவரின் திசு அடையாளம் முழுவதும் வாங்கிக்கொள்பவருடையதில் பாதியாக அமைந்துவிட்டால், வாங்கிக்கொள்பவரின் உடம்பு சித்தப்பாவை அந்நியராக நினைப்பதில்லை. சித்தப்பா மட்டும் இந்த வீட்டில் எது தன்னுடையதில்லை என்று கவனமாகக் கணக்கெடுத்துவிடுகிறார். ரெண்டு நாள் தங்கிப்போக வந்தவர் பத்திரத்தைக் கேட்கிறார். எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான். ரத்தத்துக்குள் நடக்கும்போது கோர்ட்டுக்குப் போக நேரம் இருப்பதில்லை. ஜப்பானில் அறுவை சிகிச்சைக்குப் பிறகு உடம்பெல்லாம் சிவந்து செத்துப்போனவர்களைப் பற்றி 1955-லேயே எழுதிவைத்தார்கள். அது உறவுக்காரர்களின் ரத்தம் செய்த வேலை என்று பிடிபட இன்னும் முப்பது வருஷம் ஆயிற்று.

ஆக, ஏற்றிய ரத்தம் செய்யும் கலாட்டாவைத் தடுக்க இரண்டே வழி. ஒன்று, ரத்தத்தை ஏற்றாமலே சமாளிப்பது. இரண்டு, ஏற்றுவதற்கு முன்னால் அந்தச் சித்தப்பாவின் பல்லைப் பிடுங்கிவிடுவது. இரண்டுக்கும் வெளிச்சம்தான் உதவியது. இரண்டையும் பெரிய டாக்டர் யாரும் திட்டம் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை.

முதலாவதைக் கண்டுபிடித்தவர் ஒரு தாதி. சிங்கப்பூரில்கூட இல்லை. பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி வடக்கே, வருஷம் பன்னிரண்டு மாதமும் மண்டை பிளக்கும் வெயிலில், பதின்மூன்று நிமிடத்துக்கு ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு நாம் பார்க்காததை, சூரியன் எப்போதாவது தலைகாட்டினால் பத்திரிகையில் செய்தி போடும் இங்கிலாந்தில் பார்த்தார்கள். எசெக்ஸ் வட்டாரத்தில் ராச்ஃபோர்ட் பொது மருத்துவமனை. குறைமாதக் குழந்தைகள் பிரிவின் பொறுப்பு சிஸ்டர் ஜீன் வார்டிடம். காற்றும் வெயிலும் பிள்ளைக்கு நல்லது என்பது அவருடைய கட்சி. டாக்டர்களின் கண்ணில் படாமல் தொட்டிலோடு குழந்தைகளை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய் வெயில் காட்டுவார். அவர்கள் ரவுண்ட்ஸ் வருவதற்குள் உள்ளே கொண்டுவந்துவிடுவார்.

1956-ல் ஒருநாள் டாக்டர் டாப்ஸ் ரவுண்ட்ஸ் வந்தபோது சிஸ்டர் வார்டு தயங்கித் தயங்கி ஒரு குழந்தையைத் துணி விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் முக்கோணமாக அடர் மஞ்சள். டாக்டருக்கு முதலில் தோன்றியது, இந்தம்மா பிள்ளைக்கு ஏதோ மருந்தைப் பூசியிருக்கிறாள் என்பதுதான். அயோடினா, வேறெதுவுமா என்று கேட்டார். இல்லை, வெயில்தான் என்றார் சிஸ்டர். வெயில் பட்டால் தோல் கறுக்கத்தானே செய்யும் என்று டாக்டர் அலுத்துக்கொண்டார். அவருக்குத்தான் தலைகீழாகப் புரிந்திருந்தது. மஞ்சள் ஏறிய இடம் அந்த முக்கோணம் இல்லை. வெயில் பட்ட மற்ற இடமெல்லாம் மஞ்சள் இறங்கியிருக்கிறது. போர்வையின் மூலை மறைத்த இடம் மட்டும் பழையபடி கிடக்கிறது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். காமாலை பார்க்கும் டாக்டர் கண்ணுக்கும் அது விதிவிலக்கில்லை போலிருக்கிறது.

அத்தோடு மறந்துபோயிருப்பார்கள். கொஞ்ச நாளில் அடுத்த கூத்து. ரத்தம் மாற்றவேண்டிய ஒரு குழந்தையின் ரத்த மாதிரியை யாரோ சன்னலோரத்தில் வெயிலில் வைத்துவிட்டார்கள். சோதித்தால், குழந்தை மஞ்சளில் குளித்த மாதிரி இருக்க, பிலிரூபின் அளவு அடிமட்டத்தில் நிற்கிறது. வழக்கம்போல் முதலில் ஆய்வுக்கூடத்தைத் திட்டினார்கள். அப்புறம்தான் சிஸ்டர் வார்டின் முக்கோணம் ஞாபகத்துக்கு வந்தது. ரிச்சர்ட் க்ரீமர் என்ற டாக்டரும் பெரிமன் என்ற வேதியியலாளரும் வெயிலை நம்பிப் பயனில்லை என்று நீலக் குழல் விளக்குகளை வளைவாக மாட்டித் தொட்டில் ஒன்று செய்து, 1958-ல் லான்செட்டில் கட்டுரை போட்டார்கள். கட்டுரையில் ஆசிரியர்கள் மூன்று பேர்: க்ரீமர், பெரிமன், ரிச்சர்ட்ஸ். சிஸ்டர் வார்டின் பெயர் அந்த வரிசையில் இல்லை. தாதிகள் யாராவது இதைப் படித்து ஆச்சரியப்பட்டால் எனக்குச் சொல்லவும்.

வெளிச்சம் செய்கிற வேலை ரொம்பச் சின்னது. பிலிரூபின் மூலக்கூறு தனக்குள்ளேயே மடிந்து சுருண்டுகொள்ளும் சாதி. அதனால் தண்ணீரில் கரையாது, ஈரல் பதப்படுத்தினால்தான் வெளியேறும். 460 முதல் 490 நானோமீட்டர் நீல ஒளி தோல் வழியாகப் பட்டதும் அதன் மடிப்பு கலைகிறது. கரையும் வடிவுக்கு மாறி, ஈரலைக் கேட்காமலே பித்தத்திலும் சிறுநீரிலும் போய்விடுகிறது. ஊசி இல்லை, குழாய் இல்லை, சித்தப்பா இல்லை.

இவ்வளவு சுலபம் என்பதே அதற்கு வினையாயிற்று. அமெரிக்க டாக்டர்கள் பத்து வருஷம் திரும்பிப் பார்க்கவில்லை. தென் அமெரிக்காவிலும் இத்தாலியிலும் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். 1968-ல் வெர்மாண்ட்டில் ஜெரால்ட் லூசி ஒழுங்காகச் சோதனை நடத்திக் காட்டிய பிறகுதான் வல்லரசு விளக்கைப் போட்டது. போட்டதும் தாதிகள் புகார் சொன்னார்கள்: நீல வெளிச்சத்தில் தலை சுற்றுகிறது, குமட்டுகிறது. டாக்டர்களுக்கு வேறு கவலை. எல்லாக் குழந்தையும் நீலமாகத் தெரிந்தால், மூச்சுத் திணறி நிஜமாகவே நீலமான குழந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? நடுநடுவே வெள்ளை விளக்கைச் சேர்த்தார்கள்.

சிங்கப்பூர் இந்தக் கதையில் மறுபடி நுழைவது இங்கேதான். விளக்கு வேலை செய்கிறது, சரி. எவ்வளவு வெளிச்சம் கொடுக்கலாம் என்பதில் ஆளுக்கொரு அபிப்பிராயம். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் கே. எல். டான் 1970களிலும் 80களின் தொடக்கத்திலும் பொறுமையாக உட்கார்ந்து அளந்தார். வெளிச்சம் கூடக்கூட மஞ்சள் வேகமாக இறங்குகிறது. ஓர் எல்லைக்குப் பிறகு எவ்வளவு கொட்டினாலும் கூடுதல் பலனில்லை என்று கோடு போட்டுக் காட்டினார். மஞ்சள் குழந்தைகளுக்கு நம்மூரில் பஞ்சமில்லை என்பதால் கணக்குப் பிசகவுமில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2004-ல் போட்ட வழிகாட்டியிலும் அவருடைய எண்களை வைத்து வரைந்த படம் இருக்கிறது. பத்து வருஷம் கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களுக்குக் கடைசியில் சிங்கப்பூர்க் கோடு தேவைப்பட்டது.

ரத்த மாற்றம் இப்போது அபூர்வம். தாய்க்குப் போடும் ஆர்எச் தடுப்பூசிக்கும் அதில் பங்குண்டு என்றாலும், பெரிய பங்கு விளக்குக்கு. பிள்ளையை இளவெயிலில் காட்டு என்று நான் அப்பவே சொன்னேனே என்று பாட்டிமார் கிளம்புவார்கள். சொன்னீர்கள் பாட்டி. ஆனால் வீவக வீட்டுச் சன்னல் வெயிலில் அளவும் கிடையாது, கணக்கும் கிடையாது; மஞ்சள் ஏறினால் மருத்துவமனைக்குத்தான் ஓடவேண்டும்.

இரண்டாவது வழி, வெளிச்சத்தை ரத்தத்தின் மேலேயே அடிப்பது. இந்த யோசனை முதலில் உதித்தது சியாட்டிலில், எம்மெட் நாட் என்பவருக்கு. 1920களில் நாயின் ரத்தத்தை வெளியே எடுத்து, புற ஊதா ஒளி காட்டி, திரும்ப உள்ளே விட்டார். ரத்தம் முழுவதற்கும் ஒளி காட்டியதில் நாய்கள் செத்தன. கொஞ்சம் ரத்தத்துக்கு மட்டும் காட்டினால் போதும் என்று திருத்திக்கொண்டு, 1928-ல் மனிதர்களுக்கு வந்துவிட்டார். 1940களில் அவருடைய கருவி நிமோனியா, ஆஸ்துமா, இளம்பிள்ளைவாதம் என்று கேட்ட நோய்க்கெல்லாம் மருந்தானது. பென்சிலின் வந்து பிழைப்பைக் கெடுத்தது. 1952-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் பலனில்லை என்று எழுதி மூடிவைத்தது. மாற்று மருத்துவக் கடைகளில் அந்த வித்தை இன்றும் விலைக்குக் கிடைக்கிறது. நாய்க்கதையை மட்டும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

வெள்ளணுவை வெளிச்சத்தால் அடக்க முடியுமா என்ற ஒழுங்கான கேள்வி வெகுகாலம் கழித்து வந்தது, அதுவும் வேறொரு தொல்லைக்காக. ரத்தப் புற்றுநோயாளிகளுக்குத் தட்டணுக்களை அடிக்கடி ஏற்றவேண்டும். கூடவே வரும் வெள்ளணுக்களைப் பார்த்துப் பார்த்து உடம்பு எதிர்ப்பொருள் தயாரித்துவிடும். பிறகு யாருடைய தட்டணுவை ஏற்றினாலும் நிற்காது. அமெரிக்காவில் 530 நோயாளிகளை வைத்துச் செய்த சோதனையின் முடிவு 1997-ல் வந்தது. அப்படியே ஏற்றியவர்களில் 45 விழுக்காட்டினருக்கு எதிர்ப்பொருள் உண்டானது. வெள்ளணுவை வடிகட்டி ஏற்றினாலும், புற ஊதா-பி ஒளி காட்டி ஏற்றினாலும் அது 17 முதல் 21 விழுக்காட்டில் நின்றது. ஒளி பட்ட வெள்ளணு பையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் வம்புக்கிழுக்கும் வாய் அடைத்துப்போகிறது. ஆட்டம் சமம். ஆனால் வடிகட்டியை மாட்டிவிட்டால் வேலை முடிந்தது. விளக்குக்குக் கருவி வேண்டும், ஆள் வேண்டும். ஆஸ்பத்திரிகள் வடிகட்டியை வாங்கின. வெளிச்சம் தோற்காமலே வீட்டுக்குப் போனது.

அதைத் திரும்ப அழைத்து வந்தது ஒரு களைச்செடி. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி கேட்டால் கறுப்பாய்ச் சின்ன விதையாகத் தருவார்கள். குளியல் பொடி அரைக்கிறவர்களுக்குத் தெரியும். வெண்புள்ளிக்கு இதை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் உட்காரச் சொல்வது நம் பழைய வைத்தியம். நைல் கரையில் எகிப்தியர்களும் வேறொரு செடியை வைத்து இதையே செய்தார்கள். 1933-ல் ஜோயிஸ், மஞ்சுநாத், வெங்கட ராவ் என்ற மூன்று இந்திய வேதியியலாளர்கள் கார்போகரிசியிலிருந்து சோராலனைப் பிரித்தெடுத்தார்கள். தனியே அது சாது. புற ஊதா-ஏ ஒளி பட்டால்தான் சாமி வரும். சும்மா பூசிக்கொண்டு தேக்கா வெயிலில் யாரும் உட்கார வேண்டாம், கொப்புளம் கிளம்பும். 1974-ல் ஹார்வர்டு டாக்டர்கள் சோராலனையும் விளக்கையும் சேர்த்து சோரியாசிசுக்குப் பயன்படுத்தினார்கள். அமெரிக்கா கண்டுபிடித்துவிட்டது என்று உலகம் கைதட்டியது.

அந்தக் குடும்பத்தில் பிறந்த செயற்கை வாரிசு அமோட்டோசாலன். தட்டணுப் பையில் இதைக் கலந்து ஒளி காட்டினால், மருந்து டிஎன்ஏயின் இரண்டு இழைக்கும் நடுவில் புகுந்து இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிஎன்ஏ பூட்டப்பட்ட கிருமி பெருக முடியாது. வெள்ளணுவும் பெருக முடியாது. சித்தப்பா வரலாம், ஹாலில் உட்காரலாம்; குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. தட்டணுவுக்கு மட்டும் ஒன்றும் ஆகாது, ஏனென்றால் அதற்கு உட்கருவே இல்லை. ஐரோப்பாவில் 2002-லேயே அனுமதி கிடைத்தது. அமெரிக்கா? 2014 டிசம்பர். அவர்கள் வழக்கப்படி பன்னிரண்டு வருஷம். ரிபோஃப்ளேவினை வைத்தும் ஒரு முறை உண்டு. பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்ட மறுநாள் கழிப்பறையில் நம்மைப் பதறவைக்கும் அதே மஞ்சள் வைட்டமின்தான்.

சிவப்பணுப் பையிடம் மட்டும் இந்த வித்தை எடுபடுவதில்லை. அந்தச் சிவப்பே வெளிச்சத்தைக் குடித்துவிடுகிறது, ஒளி உள்ளே இறங்குவதில்லை. அதற்கு இன்னும் 25 கிரே கதிர்வீச்சுதான் கதி. இதற்காக ரத்த வங்கிகள் சீசியம்-137 அடைத்த ஈயப் பெட்டிகளைப் பல காலமாக வைத்திருந்தன. யாராவது அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதிரியக்க அழுக்குக் குண்டு செய்துவிடுவார்களோ என்று 2001-க்குப் பிறகு அமெரிக்காவுக்குப் பயம் வந்தது. பிறகு அவற்றுக்குப் பதிலாக எக்ஸ்-ரே பெட்டிகளை வாங்கச் சொல்லி அரசாங்கமே காசும் கொடுத்தது.